காப்ளின் என்ன விலை?

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் கதையை விட்டுவிட்டு முதலில் அட்டவணை எங்கே இருக்கிறது என்று தேடுவான். டிகிரி வாங்கிப் பல வருஷமாகியும் எனக்கு இது குணமாகவில்லை. இந்த வாரம் அந்த வியாதிக்கு அகப்பட்டது ஒரு விளையாட்டு. பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். செல்லமாக டி அண்ட் டி.

'கம்ப்யூட்டர் கேமா சார்?' என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு மேஜை, நாலைந்து பேர், பென்சில், பேப்பர், பகடைகள். அவ்வளவுதான் சாமான். ஒருவர் கதை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பட்டம். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம்: வாள் வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன். 'எதிரே இரும்புக் கதவு. உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?' என்பார் மாஸ்டர். கதவை உடைக்கலாம், தட்டலாம், திரும்பி வீட்டுக்கும் போகலாம். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். பரமபதம் மாதிரி நூறாவது கட்டம் கிடையாது. உங்கள் ஆசாமி பிழைத்துக் கிடந்தால் அனுபவப் புள்ளி சேரும். போதுமான புள்ளி சேர்ந்தால் அடுத்த லெவல். அதாவது பிரமோஷன்.

1974ல் அமெரிக்காவில் பிறந்த இந்த ஆட்டத்தின் விதிகளை இதுவரை பல தடவை புதுசாக எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் பக்தகோடிகள் உண்டு. 'எது நல்ல பதிப்பு?' என்று இரண்டு பக்தர்களிடம் சேர்ந்தாற்போல் கேட்டுவிடாதீர்கள். எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று டீக்கடையில் கேட்டதற்குச் சமம். டீ ஆறிவிடும்.

நான் மூன்று பதிப்புகளில் ஆடியிருக்கிறேன். மற்றவற்றைப் படித்திருக்கிறேன். பக்தர்கள் படத்தையும் மந்திரத்தையும் ஒப்பிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே வழி. ஒரு கம்பெனி என்ன வியாபாரம் செய்கிறது என்று தெரிய அதன் விளம்பரத்தைப் பார்க்காதே, சம்பளப் பட்டியலைப் பார். எந்த வேலைக்குப் பணம் கொடுக்கிறானோ அதுதான் அவன் வியாபாரம். ஆகவே ஒவ்வொரு பதிப்பிலும் புள்ளி எதற்குக் கொடுக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தேன். ஒப்பிட ஒரு பொது நாணயம் வேண்டுமே? காப்ளினை எடுத்துக்கொண்டேன்.

காப்ளின் என்பது எல்லாப் பதிப்பிலும் வருகிற குட்டையான, அழுக்கான, ஈட்டி வைத்திருக்கிற பூதம். பூதங்களில் கடைநிலை ஊழியர். கேள்வி இதுதான்: ஒரு வாள் வீரன் முதல் லெவலிலிருந்து இரண்டாவது லெவலுக்குப் போக எத்தனை காப்ளினைத் தீர்த்துக்கட்ட வேண்டும்?

விடையைச் சொல்வதற்கு முன்னால் இந்த விளையாட்டைப் பெற்றவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒருவர் கேரி கைகாக்ஸ். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர்க்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அண்டர்ரைட்டராக இருந்து, வேலை போய், வீட்டு நிலவறையில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். இன்னொருவர் மினசோட்டாவின் டேவ் ஆர்னசன். பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்தம் ஆடும் கோஷ்டிகளில் பழகியவர்கள் இருவரும். படைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரே ஒரு வீரன், போர்க்களத்துக்குப் பதிலாகப் பாதாள அறை என்று ஆட்டத்தை மாற்றினால் என்ன என்பது ஆர்னசன் தன் பிளாக்மூர் ஆட்டத்தில் செய்து பார்த்த விஷயம். அதை விதிகளாக எழுதி அச்சுக்குக் கொண்டுபோனது கைகாக்ஸ். 1974ல் மூன்று குட்டிப் புத்தகங்கள், ஒரு பெட்டி, விலை 10 டாலர். முதலில் அச்சடித்தது 1000 பெட்டி.

இன்ஷூரன்ஸ்காரர் எழுதிய விளையாட்டு என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். எது எதில் சாகலாம் என்பதற்கு அப்படி ஒரு அட்டவணை மோகம்.

1977லிருந்து இரண்டு வரிசை ஒரே சமயத்தில் ஓடியது. ஒன்று சாதாரண டி அண்ட் டி, இன்னொன்று அட்வான்ஸ்டு. ஏன் இரண்டு? ஒரு காரணம் நம் சிலபஸில் வருவது: ராயல்டி. அட்வான்ஸ்டு என்பது வேறு விளையாட்டு, அதற்கு ஆர்னசனுக்குப் பங்கு கிடையாது என்பது கம்பெனியின் வாதம். ஆர்னசன் 1979ல் வழக்குப் போட்டார். 1981ல் கோர்ட்டுக்கு வெளியே சமரசமானது. ஒரு அடைமொழிக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள்.

சரி, காப்ளினுக்கு வருவோம்.

1981ல் டாம் மோல்ட்வே தொகுத்த அடிப்படைப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன். பழைய பாணிக்கு அதைவிடத் தெளிவான புத்தகம் கிடையாது என்பது என் கட்சி. அதில் வீரனுக்கு இரண்டாவது லெவல் 2000 புள்ளியில். ஒரு காப்ளினுக்கு 5 புள்ளி. வகுத்துப் பாருங்கள். நானூறு!

அதுவும் தனி ஆளாகக் கொன்றால். கோஷ்டியில் நாலு பேர் இருந்தால் புள்ளியைப் பங்கு போட வேண்டும். ஆயிரத்து அறுநூறு காப்ளின். நம் வீரனுக்கோ, உடம்பு சாதாரண உடம்பாக இருந்தால், அதிகபட்சம் 8 உயிர்ப்புள்ளி. ஒரு காப்ளினின் ஒரே குத்தில் 6 வரை போகலாம். நானூறு எங்கே? நாலாவது காப்ளினிடம் நாலணாவுக்கு ஊதுவத்தி வாங்கி வைக்க வேண்டியதுதான்.

அப்புறம் எப்படித்தான் பிரமோஷன்? அங்கேதான் சூட்சுமம். இன்னொரு வரி இருக்கிறது. பாதாளத்திலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. 2000 காசைக் கொண்டுவந்தால் ஒரு காப்ளினைக்கூடத் தொடாமல் பிரமோஷன் வாங்கலாம்!

இந்த ஒரு வரி ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. பூதத்தைக் கொல்வது நஷ்ட வியாபாரம். ரிஸ்க் அதிகம், வருமானம் சொற்பம். அது தூங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் லாபம். லஞ்சம் கொடுக்கலாம், கதை விடலாம். எதிரே பூதம் வந்தாலும் உடனே பாயாது. மாஸ்டர் இரண்டு பகடை உருட்டி அதன் மூடு பார்ப்பார். 2 விழுந்தால் பாய்ச்சல், 12 விழுந்தால் சிநேகிதம். மானேஜர் ரூமுக்குள் லீவ் லெட்டரோடு போகிறபோது நாம் செய்கிற அதே கணிப்பு.

காசைத் தூக்குவதிலும் கஷ்டம் இருக்கிறது. அந்தப் புத்தகக் கணக்கில் பத்துக் காசு ஒரு பவுண்டு எடை. 2000 காசு என்றால் 200 பவுண்டு, ஏறக்குறைய 90 கிலோ. யார் சுமப்பது? பழைய புத்தகங்களின் சாமான் பட்டியலில் பத்தடிக் கம்பு, கயிறு, இரும்பு ஆணி, பூண்டு, கோவேறு கழுதை எல்லாம் இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? கைகாக்ஸும் மோல்ட்வேயும் எழுதியது வீரகாவியம் இல்லை சாமி. லாரி ஆபீஸ் நடத்துகிற கலை.

1989ல் அட்வான்ஸ்டு வரிசையின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதற்குள் அமெரிக்காவில் சில பெற்றோர்களும் மதக் குழுக்களும் 'இது பிசாசு வழிபாடு' என்று பெரிய ரகளை செய்திருந்தார்கள். கம்பெனி என்ன செய்தது? பேய் பிசாசுகளுக்கு டனாரி, பேட்டெஸூ என்று வாயில் நுழையாத பெயர் வைத்தது. கூலிக்குக் கொலை செய்கிற அசாஸின் வகுப்பை எடுத்துவிட்டது. திருட்டுக் காசுக்குப் புள்ளி என்கிற பழைய விதியும் விருப்பப்பட்டால் வைத்துக்கொள் என்று ஓரத்துக்குப் போனது. மாஸ்டர் தருகிற கதைக்கான பரிசுப் புள்ளி முன்னுக்கு வந்தது. வீரனுக்கு அதே 2000. காப்ளின் 15 புள்ளிக்கு ஏறியது. ஆக 134 காப்ளின்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு குட்டி அட்டவணை. விருப்ப விதிதான். வீரனுக்கு எதிரியைத் தோற்கடித்தால் கூடுதல் புள்ளி, மந்திரவாதிக்கு மந்திரத்தால் சிக்கலைத் தீர்த்தால், திருடனுக்கு மட்டும் ஒரு பொற்காசுக்கு இரண்டு புள்ளி. டிபார்ட்மென்ட் வாரியாக இன்சென்டிவ்! ஒரே கதவின் முன்னால் நின்றுகொண்டு வீரன் சண்டைக்கும், திருடன் பணப்பைக்கும், மந்திரவாதி மந்திரம் சொல்ல ஒரு சாக்குக்கும் அலைவார்கள். சேல்ஸும் அக்கவுண்ட்ஸும் ஒரே ஆபீஸில் இருக்கிற மாதிரி.

இந்தப் பதிப்பைப் பற்றிப் பேசினால் 'தாக்கோ'வைச் சொல்லாமல் விட முடியாது. நம் தாக்குதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பொருத்தமான பெயர். கவச எண் பூஜ்யமாக உள்ளவனைத் தாக்க எவ்வளவு விழ வேண்டும் என்பதன் இங்கிலீஷ் சுருக்கம் அது. கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம். வெறும் உடம்புக்கு 10, முழு இரும்புக் கவசமும் கேடயமும் 2, மந்திரக் கவசமானால் பூஜ்யத்துக்கும் கீழே மைனஸில் இறங்கும். உங்கள் தாக்கோ 20, எதிரி 2 என்றால் கழித்து 18. பகடையில் 18, 19, 20 விழுந்தால் அடி. எதிரி மைனஸ் மூன்று என்றால்? கழித்தலைக் கழித்தால் கூட்டல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனுஷன் செய்கிற வேலையா இது?

2000த்தில் மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த பழைய டி.எஸ்.ஆர். கம்பெனியை, சீட்டு விளையாட்டில் சம்பாதித்த விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 1997ல் வாங்கியிருந்தது. புதிய கணக்கில் கவச எண் ஏறினால் பாதுகாப்பு. பழைய 2 இப்போது 18. பகடையோடு உங்கள் திறமையைக் கூட்டி 18 வந்தால் அடி. திறமை பூஜ்யமானால் அதே மூன்று முகம், அதே 15 சதவீதம். பாலன்ஸ் ஷீட்டை வேறு ஃபார்மட்டில் போட்டார்கள், கையிருப்பு மாறவில்லை. ஆனாலும் கழித்தலிலிருந்து கூட்டலுக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

புள்ளியில் என்ன செய்தார்கள்? முன்பெல்லாம் வகுப்புக்கு ஒரு ரேட். 1981ல் திருடனுக்கு 1200, வீரனுக்கு 2000, எல்ஃப் என்கிற வனதேவதைக்கு 4000. மூன்றாம் பதிப்பில் எல்லாருக்கும் ஒரே 1000. 2003ல் வந்த மூன்றரையில் (ஆமாம், மூன்றரைதான், தையல்காரர் அளவு மாதிரி) காப்ளினுக்கு 100. பத்துக் காப்ளின், பிரமோஷன்! பொற்காசுக்குப் புள்ளி பைசா கிடையாது. ஒரு லெவல் ஏற, தகுதிக்குச் சமமான மோதல் பதின்மூன்றேசொச்சம் போதும் என்று தசமப் புள்ளி வரை கணக்குப் போட்டுப் புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள். படித்தபோது அந்தக் காஸ்ட் அக்கவுண்டன்ட் யாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது.

அதைவிட விநோதம், இதில் புள்ளியைச் செலவும் செய்யலாம். ஒரு வாளில் 2000 காசு விலையுள்ள ப்ளஸ் ஒன் மந்திரத்தை நீங்களே ஏற்றினால் 1000 காசும் 80 அனுபவப் புள்ளியும் போகும். அனுபவத்தை மூலதனமாகப் போட்டுச் சரக்கு செய்கிறார்கள்! சம்பளப் பட்டியல் சொல்வது இப்போது வேறு: சண்டை போடு, பொருள் சேர், ஆளை மெருகேற்று. பதுங்கிப் போகிற காலம் முடிந்தது.

2008ல் நாலாம் பதிப்பு. இதைத் திட்டாதவர் குறைவு. 'கம்ப்யூட்டர் கேமைப் பேப்பரில் அச்சடித்துவிட்டான்' என்றார்கள். எப்போதும் செய்யக்கூடிய வித்தை, மோதலுக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அச்சில் வித்தைகள். நான் இதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வேன். பழைய மந்திரவாதியைப் பாருங்கள்: முதல் லெவலில் தலையில் ஒரே ஒரு மந்திரம். சொன்னதும் மறந்துவிடும், பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த பையன் மாதிரி. மிச்ச நாளெல்லாம் கத்தியை எறிந்துகொண்டு கோஷ்டியின் பின்னால் நடக்க வேண்டும். வீரனோ முப்பத்துநாலு வருஷமாக 'வெட்டுகிறேன்', 'வெட்டுகிறேன்', 'மறுபடி வெட்டுகிறேன்'. நாலாம் பதிப்பில் இருவருக்கும் ஒவ்வொரு முறையும் யோசிக்க ஒன்று கிடைத்தது. ஆனால் ஒரு சண்டை முடிவதற்குள் காபி இரண்டு ரவுண்டு போய்விடும் என்பதும் உண்மை. காப்ளின் கணக்கு? சராசரிப் படைவீரக் காப்ளின் பத்து. ஒரே அடியில் விழுகிற அடியாள் காப்ளினும் உண்டு, அதற்கு 25 புள்ளிதான். அந்த ரகம் என்றால் நாற்பது. காப்ளினிலேயே பர்மனென்ட், காஷுவல் லேபர் என்று பிரித்துவிட்டார்கள்.

2014ல் ஐந்தாம் பதிப்பு. இரண்டாவது லெவலுக்கு 300. காப்ளின் 50. ஆறே ஆறு! நாலு பேர் கோஷ்டி என்றால் இருபத்துநாலு. 2024ல் திருத்தி வெளியிட்ட புத்தகத்திலும் அந்த 300 மாறவில்லை. செத்துப் போவதும் சுலபமில்லை. உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் பகடை உருட்டிக்கொண்டே இருக்கலாம். மூன்று தோல்விக்கு முன்னால் மூன்று ஜெயம் வந்தால் பிழைத்தீர்கள். புள்ளிக் கணக்கே வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. கதையில் ஒரு கட்டம் வந்ததும் 'எல்லாரும் அடுத்த லெவல்' என்று மாஸ்டர் சொல்லிவிடுவார். நமக்குத் தெரிந்த பாஷையில் சீனியாரிட்டி பிரமோஷன்.

நானூறு, நூற்று முப்பத்துநாலு, பத்து, பத்து, ஆறு. வீரன் பலசாலி ஆகிக்கொண்டே போகிறான் என்று இதைப் படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. ஆடுகிறவனின் நேரம் விலையேறிக்கொண்டே போயிருக்கிறது. 1981ல் தன் ஆசாமி எவன் என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆடத் தயாராக இருந்த பள்ளிக்கூடப் பையனுக்கு எழுதினார்கள். 2014ல், பதினைந்து நாளைக்கு ஒரு சாயங்காலம், மூன்று மணி நேரம், அதிலும் நடுவில் ஆபீஸ் போன் என்று வருகிற ஆளுக்கு எழுதினார்கள். அவனுக்கு முதல் சாயங்காலமே ஏதாவது நடந்தாக வேண்டும். நானும் அந்த ஆள்தான். நீங்களும்தான்.

இது வெறும் புத்தகச் சண்டை என்று நினைக்காதீர்கள். எங்கள் கோஷ்டியில் ஒருவர், நல்ல மனுஷர், தன் திருடனுக்கு ஆறு பக்கம் ஜாதகம் எழுதிக்கொண்டு வந்தார். அப்பா யார், தங்கை எங்கே காணாமல் போனாள், ஏன் பழிவாங்க வேண்டும், எல்லாம். ஆடியது 1981 விதி. அதில் முதல் லெவல் திருடன் பொறியைக் கண்டுபிடிக்க 10 சதவீத வாய்ப்புதான். இருபதாவது நிமிஷம் ஒரு பெட்டியைத் திறந்தார். விஷ ஊசி. பகடை உருட்டினார். போய்ச் சேர்ந்தான். 'புது ஆளைச் சீக்கிரம் எழுதிக்கங்க, அஞ்சு நிமிஷம்தான்' என்றார் மாஸ்டர். அந்த விதியில் அதுதான் மரியாதை. இவர் அந்த ஆறு பக்கத்தையும் நாலாக மடித்துப் பையில் வைத்தார். அடுத்த தடவை வரவில்லை. அதற்கடுத்த தடவையும் வரவில்லை. பிற்பாடு வேறு கோஷ்டியில் ஐந்தாம் பதிப்பு ஆடுவதாகக் கேள்விப்பட்டேன். தங்கையைக் கண்டுபிடித்துவிட்டாராம்.

மாஸ்டரும் சரி, அவரும் சரி, தப்பாக ஆடவில்லை. ஒருவர் காசுக்குச் சம்பளம் தருகிற கம்பெனியில் இருந்தார், மற்றவர் கதைக்குச் சம்பளம் கேட்டு வந்தார். உட்கார்வதற்கு முன்னால் யாராவது சம்பளப் பட்டியலை வாசித்திருந்தால் போதும்.

பழைய கம்பெனிகள் இன்னும் திறந்திருப்பதுதான் இதில் ஆச்சரியம். 2000த்தில் மூன்றாம் பதிப்போடு ஒரு திறந்த உரிமம் வெளியிட்டார்கள். எங்கள் சமையல் குறிப்பை யாரும் எடுத்து மெஸ் நடத்தலாம், எங்கள் போர்டை மட்டும் மாட்டாதே என்கிற மாதிரி. அதை வைத்து 2006ல் ஆஸ்ரிக் என்ற பெயரில் முதல் அட்வான்ஸ்டு விதிகளை மறுபடி எழுதினார்கள். நாலாம் பதிப்பு பிடிக்காதவர்களுக்காக மூன்றரையைத் தூசு தட்டி 2009ல் பாத்ஃபைண்டர் வந்தது. பைசோ என்ற கம்பெனியின் இந்தப் புத்தகம் ஒரிஜினலுக்கே போட்டியாக ஓடியது. இப்படி எத்தனையோ சின்னப் பதிப்பாளர்கள் இந்த ஒரு உரிமத்தை நம்பி அடுப்பு மூட்டினார்கள்.

2023 ஜனவரியில் அந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றப் பார்த்தார்கள். பழைய உரிமம் இனி செல்லாது, வருஷ வருமானம் ஏழரை லட்சம் டாலரைத் தாண்டினால் தாண்டியதில் 25 சதவீதம் கொடு என்று புது உரிமத்தின் நகல் கசிந்தது. கவனியுங்கள்: லாபத்தில் அல்ல, வருமானத்தில். அச்சுக்கூலி, தபால் செலவு, ஓவியர் சம்பளம் எல்லாம் போக நூற்றுக்கு இருபத்தைந்து நிற்கிற புத்தக வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. பதிப்புக்குப் பதிப்பு மல்லுக்கட்டிய பக்தகோடிகள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே வரிசையில் நின்றார்கள். கம்பெனியின் டி அண்ட் டி பியாண்ட் இணையச் சந்தாவைக் கூட்டம் கூட்டமாக ரத்து செய்தார்கள். ஜனவரி 27ஆம் தேதி கம்பெனி இறங்கி வந்தது. பழைய உரிமம் அப்படியே இருக்கும் என்றது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் திரும்ப வாங்க முடியாதபடி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் கொடுத்துவிட்டது.

ஆகவே முதல் தடவை ஆட ஆசைப்படுகிறவர்கள் பணம் போட வேண்டியதில்லை. அந்த அடிப்படை விதித் தொகுப்பைச் சட்டப்படி இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பெரிய அட்டைப் புத்தகத்துக்கு 50 டாலர் அழுவதை ஆறு மாதம் ஆடிவிட்டு யோசியுங்கள். மூன்று பேரைச் சேருங்கள். ஆசாமிக்கு ஜாதகம் எழுதுகிற ரகமா, பத்தடிக் கம்பு வாங்குகிற ரகமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முதல் ரகம் என்றால் ஐந்தாம் பதிப்பு. இரண்டாவது என்றால் 1981 விதிகளை 2019ல் அழகாக அடுக்கி வெளியிட்ட ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்து ஆள். வீட்டில் யாரும் என்னை எதற்கும் நம்பித் தராத 90 கிலோ தங்கத்தை, பூதம் விழித்துக்கொள்ளாமல் படியேற்றுகிற சுகம் எனக்கு ஆறு காப்ளினில் கிடைப்பதில்லை.

அந்த மூட்டையைச் சுமக்கிற கோவேறு கழுதைக்கு எந்தப் பதிப்பிலாவது புள்ளி உண்டா என்று எல்லா அட்டவணையையும் புரட்டினேன். கிடையாது.